மொட்டைத் தலையும் முப்பத்திரண்டு வயரும்

போன மாதம் என் பி.எஃப். காகிதம் ஒன்றுக்காகத் திருப்பதிக்கு, நான் வேலை பார்த்த நம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். இப்போது ஈ.ஈ.ஜி. ரூமில் இருக்கிற உங்களில் ஒரு பெண், பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும், என்னைப் பிடித்து உட்கார வைத்து கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினாள். மூன்று வயது ஆட்டிசம் பிள்ளையின் மூளை. மூளையின் ஓர் இடம் இன்னோர் இடத்தோடு எப்படிப் பேசிக்கொள்கிறது என்று சிவப்பிலும் நீலத்திலும் கோடு இழுத்திருந்தது. எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பாருங்கள் என்றாள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தலை வியர்த்திருந்ததா? அவளுக்குத் தெரியவில்லை. தலையில் எண்ணெய் இருந்ததா? தெரியவில்லை. வயரைக் கழற்றித் துடைத்தாயே, துணியில் என்ன வந்தது? "அதெல்லாம் சாஃப்ட்வேரே சுத்தம் பண்ணிடும்மா" என்றாள்.

அந்தக் கோபம் இன்னும் எனக்கு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

நான் ஏழாவது வரைதான் படித்தவள். நகரி பக்கம் ஒரு எல்லைக் கிராமம். ஒரு சாண் நிலம் கிடையாது. என் நைனா அடுத்தவர் கொல்லியில், அதாவது வயலில், கூலிக்குப் போனவர். கல்யாணமாகி சித்தூர் வந்து ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தேன். ஈ.ஈ.ஜி. ரூமும் என் கணக்கில்தான். தலையில் வில்லை வில்லையாக வயர் ஒட்டி மூளையின் அலையைத் தாளில் எழுதுகிற மெஷின். அப்போது பேனா வைத்த மெஷின். அதை ஓட்டியவர் நல்ல சம்பளம் கிடைத்ததென்று மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். மறுநாள் வந்து நின்ற பேஷண்டுக்கு வயர் ஒட்டத் தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நான் ஒட்டினேன். தினமும் பார்த்ததுதானே. எடுத்த ரெக்கார்டைப் பார்த்த டாக்டர், யார் எடுத்தது என்று கேட்டார். துடைப்பக்காரி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த மெஷின் என் கைக்கு வந்தது. அங்கிருந்து திருப்பதிக்கு இந்த ஆஸ்பத்திரிக்காரர்களேதான் கூப்பிட்டார்கள். நான் போய் நிற்கவில்லை. பேனா தாளில் உரசுகிற சத்தத்தை வைத்தே, வெளியே நின்றுகொண்டு, உள்ளே பிள்ளை தூங்கிவிட்டது என்று சொல்வேன். எம்.டி. முடித்தவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டதுண்டு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமை இருக்கிறவளுக்குத்தான் அது எப்படி உடையும் என்று தெரியும்.

இந்த ஊரில் நம் தொழிலுக்கு ஒரு சௌகரியம் உண்டு; வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. வருகிற பிள்ளைகளில் பாதி மொட்டைத் தலையோடு வரும். மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு, இறங்குகிற வழியில் இங்கே வருவார்கள். பெருமாளிடம் ஒரு மனு, டாக்டரிடம் ஒரு மனு. முடி இல்லாத தலையில் வில்லை ஒட்டுவது சுவரில் காலண்டர் மாட்டுகிற மாதிரி. ஆட்டிசம் பிள்ளைகள் பலருக்குத் தலையைத் தொட்டாலே ஆகாது. முடியை வகிர்ந்து வகிர்ந்து ஒட்டி முடிப்பதற்குள் பிள்ளை அழுது, தாய் அழுது, நாலு பேர் பிடித்து அமுக்கி, பார்க்கவே பாவமாக இருக்கும். அதனால் நானே சொல்ல ஆரம்பித்தேன்: முதலில் மலை, அப்புறம் நான். வேண்டுதல் இல்லாதவர்களைக்கூட மொட்டை அடித்துக் கூட்டிவரச் சொன்னேன்.

மொட்டை அடித்தால் சந்தனம் பூசாமல் விடுவார்களா? ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டு ஒட்டுவேன். பழைய மெஷினுக்குப் பதினாறு வில்லைதான். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் தாராளமாக இடம் கிடக்கும். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை. இருபது வருஷம் தப்பு வராத பழக்கத்தை நம்பாதீர்கள் பிள்ளைகளே.

ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வரிசையாகத் திறந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்கள் தறியையும் கொல்லியையும் விட்டுவிட்டு, கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார்கள். ஆம்பிளைகள் குவைத்துக்கும் பெங்களூருக்கும் போனார்கள். அதே சமயத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சின்ன டாக்டர் வந்தார். சின்னப் பிள்ளைகளின் ஆட்டிசத்தில் மூளையின் இடங்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று ஆராய்ச்சி. நெட்வொர்க், நெட்வொர்க் என்பார். கெட்டிக்காரர்தான். அதை நான் மறுக்க மாட்டேன்.

அவரோடு ஒரு தொப்பி வந்தது. முப்பத்திரண்டு வில்லை வைத்த தொப்பி. தலையில் மாட்டி, ஒவ்வொரு வில்லையின் ஓட்டையிலும் ஜெல் பிதுக்க வேண்டும். அதைக் கொடுத்த கம்பெனி ஆள் அரை நாள் வந்தான். முடி அடர்ந்த தன் தலையிலேயே மாட்டிக் காட்டினான், காபி குடித்தான், போய்விட்டான். நாலு வயதுப் பிள்ளையின் தலையில் அதே முப்பத்திரண்டும் எப்படி உட்காரும் என்று அவனும் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் என்றால் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று காட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

அப்படித்தான் ஹேமஸ்ரீ வந்தாள். நாலு வயது. பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பக்கத்து ரூமில் ஃபேன் ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். அவள் அம்மா கலா, நகரிக்காரி. ஸ்ரீ சிட்டியில் வேலை. புருஷன் குவைத்தில் டிரைவர். அவனுடைய அண்ணன், பிள்ளைக்குப் பெரியப்பா, நகரியில் பவர்லூம் வைத்திருக்கிறார். அவர் வீட்டில்தான் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். அவரும் கூட வந்திருந்தார்.

அன்றைக்கு நல்ல சித்திரை வெயில். கரண்ட் போய் ஏ.சி. நின்று, ஜெனரேட்டரில் மெஷின் மட்டும் ஓடியது. நேற்றுத்தான் மொட்டை, சொன்ன மாதிரியே கூட்டி வந்திருக்கிறோம் என்றார் பெரியப்பா. மொட்டை அடிக்கும்போது பிள்ளை போட்ட சத்தத்தில் நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். நான் சந்தோஷமாகத் தலையைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. ஒரு துடை, தொப்பி, ஜெல். பத்து நிமிஷத்தில் முடித்தேன். கழற்றித் துடைத்தபோது துணியில் இடப்பக்கம் நெற்றியிலிருந்து காது வரை ஜெல்லும் சந்தனமும் வியர்வையும் குழம்பி, மருந்துப் பத்து மாதிரி, ஒரே பத்தாக வந்தது. பார்த்தேன். துணியைக் கூடையில் போட்டேன்.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட். டாக்டர் அவர்களை உட்கார வைத்துச் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். மூளையின் இடப்பக்கம், பேச்சு வருகிற இடத்தில், அலையே இல்லையாம். அவருடைய நெட்வொர்க் கணக்கில் அந்த இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றனவாம். இனி பேச்சுப் பயிற்சிக்கு அலைவதில் பெரிதாகப் பிரயோஜனம் இருக்காது என்றார். பெரியப்பாதான் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் நர்ஸ் ஒருத்தி கலாவைப் பார்த்து, நீ வேலைக்குப் போனால் பிள்ளை இப்படித்தான் இருக்கும், தாய் பேசினால்தானே பிள்ளை பேசும் என்றாள். நான் அந்த நர்ஸை ஒரு பிடி பிடித்தேன். வேலைக்குப் போகாத தாய்களுக்குப் பிறந்த எத்தனை பிள்ளைகளுக்கு நான் வயர் ஒட்டியிருக்கிறேன் தெரியுமா? புருஷன் கடல் தாண்டிப் போனால் அவன் குடும்பத்துக்காகப் போகிறான்; பெண்சாதி பஸ் ஏறி அறுபது கிலோமீட்டர் போனால் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளா? இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள், இன்றும் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து கலா தனியாக வந்தாள். ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள், கார்டுகூடக் கழற்றவில்லை. விஷயம் இதுதான். பெரியப்பா கர்நாடகா பக்கம் ஒரு ஹோமில் பேசி வைத்திருக்கிறார். பிள்ளையை அங்கேயே விட்டுவிடுவது. வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கலாம். சேர்க்க வேண்டுமென்றால் டாக்டர் கடிதம் வேண்டும்: இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வராது, பயிற்சியால் பலனில்லை என்று. வருகிற சனிக்கிழமை டாக்டர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார். குவைத்திலிருந்து புருஷனும் போனில் சரி என்றுவிட்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லன்றாங்களே. அவ தூக்கத்துல முனகறா. நான் பாடினா அதே ராகத்துல முனகறா. வேற யாரு பாடினாலும் இல்ல. ஒண்ணுமே இல்லாத எடத்துலருந்து அது எப்டிக்கா வருது?"

பாட்டு மூளையில் எங்கிருந்து வருகிறது என்பது என் படிப்புக்கு அப்பாற்பட்டது. ஆனால் ரெக்கார்ட் என் கைக்குள் இருந்தது. அவள் போனதும் திறந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். இடப்பக்கத்து வரிசையில் கோடு செத்துக் கிடந்தது. ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியாகக் காட்டுகிற மாதிரி மாற்றிப் போட்டுப் பார்த்தால், பக்கத்துப் பக்கத்து வில்லைகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே ஆட்டம், ஒரே நெளிவு. ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை.

உயிருள்ள மூளையில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அச்சில் அடித்த மாதிரி இருக்காது. இரண்டு வில்லைக்கு நடுவில் ஈரம் பரவிப் பாலம் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே வில்லைதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மெஷின் கோடாகப் போடுகிறது. வித்தியாசம் இல்லையென்றால் கோடு எங்கிருந்து வரும்? அந்தத் துணி எனக்கு ஞாபகம் வந்தது. நெற்றியிலிருந்து காது வரை, ஒரே பத்து.

ஹேமஸ்ரீக்கு முன்னால் அந்தத் தொப்பியில் எடுத்த பதினோரு பிள்ளைகளின் ரெக்கார்டையும் திறந்தேன். மொட்டையோடு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேருக்கு எங்கேயோ ஓர் இடத்தில் இரட்டைப் பிள்ளை ஆட்டம். முடியோடு வந்த இரண்டு பேருக்கும் எல்லாம் சுத்தம்.

டாக்டரிடம் போனேன். சொன்னேன். அவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. இந்த ஆராய்ச்சிக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது, பெரிய இடத்துக்கு எழுதி அனுப்ப எல்லாம் தயார் என்றார். அப்புறம், "மீகேம் தெலுசு?" என்றார். உங்களுக்கு என்ன தெரியும் என்று அர்த்தம். 'மீ' போட்டுக் கேட்டாரே, அதனால் மரியாதையாகத்தான் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயர் ஒட்டுகிற வேலையை ஒழுங்காகப் பார்த்தால் போதும் என்றார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதில் ஒரு வழி இருந்தது. நான் சும்மா இருந்துவிட்டால் என் பெயர் கெடாது. ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இல்லை. மொட்டை அடித்து வரச் சொன்னது நான் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஹேமஸ்ரீ ஹோமுக்குப் போவாள். நான் வழக்கம்போலக் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு ரிட்டையர் ஆவேன். அன்று வியாழக்கிழமை. அன்றைக்கு வீட்டில் சோறு துன்ன முடியவில்லை, அவ்வளவு ஆத்திரம். முக்கால்வாசி அவர்மேல். மீதி யார்மேல் என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போனதும் லிஃப்ட் ஓட்டுகிற முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். சுத்தமான வழுக்கை. அதுவுமில்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் அவனைவிடப் பேச்சுக்காரன் கிடையாது. ஒரு மாடி ஏறுவதற்குள் நம் குடும்பக் கதையைக் கேட்டுத் தன் குடும்பக் கதையையும் சொல்லிவிடுவான்.

"என் மண்டைல இன்னாக்கா பார்க்கப் போற?" என்றான். "உள்ள ஒண்ணும் இல்லன்னு எங்க வூட்ல எப்பவோ ரிப்போர்ட் குட்த்துட்டா."

முதலில் தலையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஜெல்லை அளந்து வைத்து எடுத்தேன். இரண்டு பக்கமும் அலை நன்றாக ஓடியது. கஷ்டமெல்லாம் ஒன்றுதான்: அவனை ஐந்து நிமிஷம் வாயை மூட வைப்பது. பிறகு அதே தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, ஃபேனை நிறுத்தி வியர்க்க வைத்து, பிள்ளைகளுக்குச் செய்த மாதிரியே ஒரு துடை துடைத்து, தொப்பி மாட்டி ஜெல் பிதுக்கினேன். இடப்பக்கம் நெற்றியிலிருந்து காது வரை கோடு செத்தது. இரண்டையும் பிரிண்ட் எடுத்தேன்.

சனிக்கிழமை. ஓ.பி. ரூமில் டாக்டர், எதிரே பெரியப்பா, பக்கத்தில் கலா. ஹேமஸ்ரீ மூலையில் தரையில் உட்கார்ந்து ஸ்டூல் காலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். டைப் அடித்த கடிதம் மேஜைமேல் இருந்தது. நான் கேட்காமலே உள்ளே போனேன். முனிரத்தினத்தையும் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பிரிண்டையும் கடிதத்தின்மேல் வைத்தேன்.

"சார், இவருக்கும் ஒரு கடிதம் குடுங்க. இவருக்கும் பேச்சு வராது. பேச்சு வர்ற எடத்துல அலையே இல்ல, பாருங்க."

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். முனிரத்தினத்தைப் பார்த்தார். முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு, "நிஜமாவா சார்? அப்ப இத்தன நாளா பேசிக்கினு இருந்தது யாரு சார்?" என்றான்.

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னம்மா விளையாட்டு இது என்று கோபப்பட்டார். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன். டாக்டரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவர் இங்கிலீஷில் ஏதாவது சொல்லி மூடியிருப்பார்.

"அண்ணா, உங்க கொழந்தைய மொட்ட அடிச்சிக் கூட்டினு வரச் சொன்னது நான். சந்தனத்த சரியா தொடைக்காம வயர் வெச்சது நான். தப்பு என் கையில கீது. அவ மூளையில இல்ல."

சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி முழுவதும் ஒரு தப்பும் செய்யாதவள் என்று பெயர் எடுத்தவள், ஒரு தறிக்காரர் முன்னால், ஒரு லிஃப்ட்காரன் முன்னால்.

டாக்டர் எழுந்து, யாரைக் கேட்டு மெஷினைத் தொட்டீர்கள் என்றார். மெமோ வரும் என்றார். கொடுங்கள் என்றேன். அப்போதுதான் கலா வாய் திறந்தாள். சத்தம் போடவில்லை. கடிதத்தைக் காட்டி, "அதுல இன்னிக்குக் கையெழுத்துப் போடாதீங்க சார்" என்றாள். "திரும்பி எடுங்க. அப்பவும் அப்டியே இருந்தா நானே தூக்கினு போய் வுட்டுட்டு வர்றேன்."

பெரியப்பா மெல்ல அந்தக் கடிதத்தை எடுத்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. தறிச் சத்தத்தில் பிள்ளை நாள் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, எனக்கும் வேறு வழி தெரியவில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். திரும்ப எடுங்கள் என்று அவரும் சொன்னார். இரண்டு பேரும் சொன்ன பிறகு டாக்டர் என்ன செய்வார்?

திங்கட்கிழமை எடுத்தோம். மூன்று வாரத்து முடி குச்சி குச்சியாக வளர்ந்திருந்தது. நான் தொட வந்ததும் ஹேமஸ்ரீ மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பிடித்து இழுக்க ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இந்த வயதில் இந்த முட்டியை மடக்கி நானும் மேஜைக்கு அடியில் போனேன். தொப்பியை முதலில் என் தலையில் மாட்டிக்கொண்டேன், பிறகு கலா தலையில், பிறகு ஹேமஸ்ரீயே எடுத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் போனது. மாட்ட விட்டாள். ஜெல்லைப் பருப்பளவு பருப்பளவாக வைத்தேன். கலா அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு பாடினாள், பிள்ளை தூங்கியது. மேஜைக்கு அடியிலிருந்து முப்பத்திரண்டு வயரும் வெளியே வந்து மெஷினுக்குப் போயின. பத்து நிமிஷத்தில் முடிப்பதுதான் திறமை என்று நான் இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது.

இடப்பக்கம் ஓடியது. வலப்பக்கம் எப்படியோ அப்படியே. டாக்டர் வெகுநேரம் திரையையே பார்த்தார். முந்தையதை ரத்து செய்து, கோளாறு ஒன்றும் தெரியவில்லை, பேச்சுப் பயிற்சி உடனே தொடங்க வேண்டும் என்று எழுதினார்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஹேமஸ்ரீக்கு ஆட்டிசம் இல்லையென்று ஆகிவிடவில்லை. இருக்கிறது. அலை நன்றாக வந்தால் நாளைக்கே பேசிவிடுவாள் என்றும் இல்லை. ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று எந்த வயரும் சொல்லாது. பிள்ளையோடு உட்கார்ந்து பழகிப் பார்க்கிறவர்கள்தான் சொல்ல முடியும். கலர் படத்தைக் காட்டி அதைச் சொல்லிவிடலாம் என்று கடை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நாங்கள் அன்றைக்கு மாற்றியது ஒன்றுதான். ஒரு பிள்ளையின்மேல் போட்ட கதவைத் திறந்தோம். பெரியப்பா சத்தியவேட்டில், தறிச் சத்தம் இல்லாத தெருவில், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார். கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கும். பகலில் பயிற்சிக்குப் போய்வருகிறாள் என்று கலா வந்து சொன்னாள்.

எனக்கு மெமோ வந்தது. இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். படிப்புக்கு என்று என்னிடம் இருக்கிற ஒரே சர்டிஃபிகேட் அதுதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முடிந்திருந்தால் இவ்வளவு கோபத்தோடு எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கே டாக்டரிடம் கேட்டேன், மற்ற ஏழு பிள்ளைகள் என்ன ஆவது என்று. அவர்கள் கையிலும் ரிப்போர்ட் இருக்கிறதே, அவர்களுக்கும் ஏதோ ஓர் இடம் ஒட்டிக்கிடக்கிறது, ஏதோ ஓர் இடம் செத்துக்கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோமே.

அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டே சொன்னார்: "அவங்க யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே."

ஆராய்ச்சியிலிருந்து அந்தப் பிள்ளைகளை எடுத்துவிட்டதாக ஆறு மாதம் கழித்துச் சொன்னார். அவருடைய ஆராய்ச்சி சுத்தமாகிவிட்டது. நல்லதுதான். அந்த வீடுகளில் பீரோவுக்குள் இருக்கிற காகிதத்தை யார் சுத்தம் செய்வது? கம்ப்ளெயின்ட் செய்ய வேண்டுமென்றால் தப்பு நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. தெரிந்த ஆள் இரண்டே பேர். ஒருவர் லேப்டாப்பை மூடிவிட்டார்.

ரெஜிஸ்டரை எடுத்து ஏழு பேரின் நம்பரையும் என் கையாலேயே எழுதிக்கொண்டேன். பி.ஆர்.ஓ.விடம் சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் என்பார், அதனால் என் சொந்த போனில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். ஊர் விட்டு ஊர் போன ஜனங்கள். ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒன்றை எடுத்தவன் இந்தியில் பேசினான், சிம் கைமாறியிருந்தது. காணிப்பாக்கத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் நேரில் போய்ச் சொன்னதும் மறுநாளே வந்தது. இன்னொரு வீட்டில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பயிற்சியை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கடைசி நம்பர் புத்தூர்க்காரர் ஒருவருடையது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். குடும்பமும் அங்கேயே, சைட்டிலேயே இருந்தது. நாலாவது நாள்தான் எடுத்தார். பின்னால் சிமெண்ட் கலக்குகிற மெஷின் சத்தம். நான் யார் என்று சொன்னேன். உங்கள் பையனுக்கு எடுத்த டெஸ்ட் தப்பு, தப்பு என்னுடையது, திரும்ப எடுக்க வேண்டும், ஒரு பைசா வாங்க மாட்டோம் என்றேன். யாரிடமோ மெஷினை நிறுத்தச் சொல்வது கேட்டது. சத்தம் நின்றது.

"ஏம்மா" என்றார். "மறுபடியும் அவனுக்கு மொட்ட அடிக்கணுமா? போன தபாவே கத்திய பார்த்து ரொம்ப பயந்துட்டான்."

"வேணாம்ப்பா" என்றேன். "எப்டி கீறானோ அப்டியே கூட்டினு வா."